72 மணி நேரக் காத்திருப்பு: கலிஃபோர்னியாவின் 54-ஆம் முன்மொழிவு தந்த சேவைக்கு ஒரு பயனரின் மதிப்புரை

2016 நவம்பர் 8 அன்று கலிஃபோர்னிய வாக்காளர்களுக்குத் தரப்பட்ட வாக்குச்சீட்டில் அதிபர் தேர்தலோடு மாநில அளவிலான முன்மொழிவுகள் மட்டும் 17 இருந்தன. அவற்றை விளக்கி அரசு அச்சிட்டு வீடுதோறும் அனுப்பிய கையேடு 224 பக்கம். அந்தப் பக்கங்களுக்கு நடுவே, சட்டமன்ற உறுப்பினர்கள் வாக்களிப்பதற்கு முன் மசோதாவை வாசிக்க நேரம் வேண்டும் என்று கேட்ட 54-ஆம் முன்மொழிவை எத்தனை பேர் முழுவதும் வாசித்துவிட்டு முத்திரையிட்டார்கள் என்பது தனிக் கேள்வி. ஆனால் 65 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் ஆதரித்ததால் அது மாநில அரசியலமைப்பில் ஏறிவிட்டது. வாக்களித்தவர்களில் நானும் ஒருவன். அதன் பிறகு வேலை நிமித்தமாகவும் ஆர்வத்தினாலும் அந்த முன்மொழிவு தந்த வசதிகளை ஒவ்வோர் ஆண்டும் பயன்படுத்தி வருகிறேன். கடையில் வாங்கிய பொருளைப் பற்றி எழுதுவதுபோல இதைப் பற்றியும் எழுதலாம் என்று தோன்றியதன் விளைவே இந்த மதிப்புரை.

முதலில் விலை. சட்டமன்றத்துக்காக அரசுச் செலவுகளைக் கணித்துச் சொல்லும் நடுநிலை அலுவலகம், தொடக்கத்தில் ஒருமுறை 10 லட்சம் முதல் 20 லட்சம் டாலரும் பின்னர் ஆண்டுதோறும் ஏறத்தாழ 10 லட்சம் டாலரும் ஆகும் என்று மதிப்பிட்டது. ஏறத்தாழ நான்கு கோடிப் பேர் வாழும் மாநிலத்தில் இது ஆளுக்கு ஆண்டுக்கு மூன்று சென்ட்டுக்கும் குறைவு. இந்த விலையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தருவதாகச் சொன்னவை மூன்று. மசோதா எதுவாயினும் அதன் இறுதி வடிவம், செய்யப்பட்ட திருத்தங்கள் அனைத்துடனும், வாக்கெடுப்புக்குக் குறைந்தது 72 மணி நேரத்துக்கு முன்பே அச்சாகி உறுப்பினர்களுக்கு வழங்கப்பட்டு, இணையத்திலும் வெளியாகியிருக்க வேண்டும் என்பது முதலாவது. பொதுக் கூட்டங்கள் அனைத்தின் ஒலி, ஒளிப்பதிவும் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்றப்பட்டுக் குறைந்தது 20 ஆண்டுகள் பாதுகாக்கப்பட வேண்டும் என்பது இரண்டாவது. பொதுமக்களில் எவரும் அந்தக் கூட்டங்களைத் தாமே பதிவுசெய்து, முறையான எந்தத் தேவைக்கும் பயன்படுத்தலாம் என்பது மூன்றாவது. முன்பு கீழவையான அசெம்ப்ளியின் ஒளிப்பதிவை அரசியல் விளம்பரத்திலோ வணிகத்திலோ பயன்படுத்தக் கூடாது என்று ஒரு சட்டமே இருந்ததை நினைத்துப் பார்த்தால் மூன்றாவது வசதியின் எடை புரியும். மக்கள் பணத்தில் எடுக்கப்பட்ட காட்சியை மக்களே காட்டக் கூடாது என்று இத்தனை காலம் தடுத்து வைத்திருந்தார்கள்!

இப்படியொரு முன்மொழிவு ஏன் தேவைப்பட்டது என்பதை அறிய ‘வாசிப்பு’ என்ற சொல்லை நெருங்கிப் பார்க்க வேண்டும். அச்சுப் பிரதி அரிதாயிருந்த காலத்தில் இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் எழுத்தர் எழுந்து நின்று மசோதாவை உரக்க வாசிப்பார்; உறுப்பினர்கள் காதால் கேட்டுத்தான் அதன் உள்ளடக்கத்தை அறிந்தார்கள். மூன்று வாசிப்பு என்ற முறை அங்கிருந்து அமெரிக்க மாநிலங்களுக்கு வந்தது. கலிஃபோர்னிய அரசியலமைப்பும் ஒவ்வோர் அவையிலும் மூன்று நாள்களில் மசோதா வாசிக்கப்பட வேண்டும் என்கிறது. ஆனால் தலைப்பை வாசித்தால் போதும் என்றும், மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் இசைந்தால் அதுவும் வேண்டாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அதனால் சட்டமன்ற இணையதளத்தில் எந்த மசோதாவின் வரலாற்றைத் திறந்தாலும் ‘இரண்டாம் முறை வாசிக்கப்பட்டது, மூன்றாம் வாசிப்புக்கு அனுப்பப்பட்டது’ என்ற வரிகள் இருக்கும். நடந்தது என்னவென்றால், எழுத்தர் எண்ணையும் தலைப்பையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பார். கல்யாண வீட்டில் ஐயர் ஓடவிடும் மந்திரத்துக்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை.

வாசிப்பு வெறும் சடங்கானதால் பிறந்ததுதான், மாநிலத் தலைநகரான சாக்ரமென்டோவில் ‘கட் அண்ட் அமெண்ட்’ என்று பெயர் பெற்ற வித்தை. மீனின் குடலை உருவுவதுபோல, ஏற்கெனவே பாதி வழி வந்துவிட்ட ஒரு மசோதாவின் உள்ளிருப்பை முழுவதும் உருவிவிட்டு, அதே எண்ணின் கீழ் முற்றிலும் வேறொரு சட்டத்தை நிரப்பிவிடுவார்கள். மூன்று வாசிப்புகளில் இரண்டு முன்பே முடிந்திருக்கும். எஞ்சியிருப்பது கூட்டத்தொடரின் கடைசி இரவு வாக்கெடுப்பு மட்டும். இதைத் தடுக்கும் சட்டம் சட்டமன்றத்தின் வழியாக வராது என்று கண்ட இயற்பியலாளர் சார்ல்ஸ் மங்கர் ஜூனியரும் முன்னாள் உறுப்பினர் சாம் பிளேக்ஸ்லீயும் கையெழுத்துத் திரட்டி மக்களிடமே கொண்டு வந்தார்கள். மங்கர் தம் சொந்தப் பணத்தில் ஒரு கோடி டாலருக்கு மேல் செலவிட்டார். பெண் வாக்காளர் சங்கமும் காமன் காஸ் அமைப்பும் ஆதரித்தன. ஜனநாயகக் கட்சியின் மாநில அமைப்பு எதிர்த்தது.

இனி, பயன்படுத்திப் பார்த்த அனுபவம். லெக்இன்ஃபோ என்று சுருக்கமாக வழங்கும் சட்டமன்ற இணையதளத்தின் முகப்பு பத்தாண்டுகளுக்கு முந்தைய அரசு அலுவலகத்தை நினைவூட்டினாலும், உள்ளே இருக்கும் சரக்கு நல்லது. மசோதாவின் எண்ணைத் தட்டினால் மேலே வெளியிடப்பட்ட தேதியும் நேரமும் தெரியும். 72 மணி நேரக் கணக்குக்கு இதுவே கைப்பிடி. அதன் கீழ் சட்டமன்றத்தின் சட்ட ஆலோசகர் அலுவலகம் எழுதிய சுருக்கவுரை வரும். ‘இப்போதுள்ள சட்டம் இன்னது சொல்கிறது, இந்த மசோதா இன்னது செய்யும்’ என்று பத்திக்குப் பத்தி ஒரே அச்சில் வார்த்த நடை. அழகில்லாத நடைதான், ஆனால் வழக்கறிஞர் அல்லாத எனக்கு அது அரைமணி நேரத்தை மிச்சப்படுத்துகிறது. சுருக்கவுரைக்கு அடுத்து, சாதாரணப் பெரும்பான்மை போதுமா, பணம் ஒதுக்கப்படுகிறதா, நிதிக் குழுவுக்குப் போக வேண்டுமா என்பதைக் காட்டும் ஒற்றை வரி இருக்கும். பலர் அதைக் கவனிப்பதில்லை. நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இந்தத் தளத்தின் சிறந்த பகுதி பதிப்புகளை ஒப்பிடும் வசதி. பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் தேர்ந்தெடுத்தால், நீக்கப்பட்ட சொற்கள் சிவப்பில் குறுக்குக்கோடு இழுக்கப்பட்டும், சேர்க்கப்பட்டவை நீல நிறச் சாய்வெழுத்திலும் தெரியும். சாதாரணத் திருத்தமென்றால் ஆங்காங்கே சில சிவப்பு, சில நீலம். குடல் உருவப்பட்ட மசோதாவென்றால் பக்கம் பக்கமாகச் சிவப்பு ஓடி, அது முடிந்த இடத்தில் பக்கம் பக்கமாக நீலம் தொடங்கும். சொல் எதையும் வாசிக்காமலே, திரையை உருட்டும்போதே நடந்தது என்னவென்று நிறம் சொல்லிவிடும்.

அந்த நிறங்களை நான் முதன்முதலில் கவலையோடு பார்த்தது 2018 ஜூனில். இன்று சிசிபிஏ என்று உலகமே அறிந்த நுகர்வோர் தனியுரிமைச் சட்டம், ஏபி 375 என்ற எண்ணில் இருந்த பழைய இணையச் சேவை மசோதா ஒன்றின் உடலுக்குள் ஜூன் 21 அன்று நுழைந்தது. அலஸ்டேர் மக்டாகர்ட் என்ற நில வணிகர் தனியுரிமைக்காக ஒரு வாக்காளர் முன்மொழிவைக் கொண்டு வந்திருந்தார். அதைத் திரும்பப் பெறக் கடைசி நாள் ஜூன் 28. சட்டமன்றம் அதற்குள் ஒரு சட்டம் இயற்றினால் விலகிக்கொள்வதாக அவர் இசைந்திருந்தார். ஜூன் 25, திங்கட்கிழமை, மசோதா மீண்டும் திருத்தப்பட்டு இறுதி வடிவம் பெற்றது. வியாழக்கிழமை இரு அவைகளிலும் எதிர்த்து ஒரு வாக்குகூட இல்லாமல் நிறைவேறியது. அன்றே ஆளுநர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்திட்டார். அப்போது வாடிக்கையாளர் தரவுகளைக் கையாளும் ஒரு சிறு நிறுவனத்தில் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். புதன்கிழமை கூட்டத்துக்கு வந்த வெளி ஆலோசகர் மஞ்சள் மையால் கோடிட்ட ஒரு கட்டுத் தாளோடு வந்து, பிரிவு பிரிவாக விளக்கத் தொடங்கினார். கால் மணி நேரம் கழிந்த பிறகுதான் அவர் கையிலிருப்பது 21-ஆம் தேதிப் பதிப்பு என்பது தெரிந்தது. 72 மணி நேர விதி இல்லாதிருந்தால் சரியான பதிப்பு எது என்று அந்தப் புதன்கிழமை எங்களால் சொல்லியிருக்கவே முடியாது. அந்த வகையில் நான் இந்தச் சேவைக்குக் கடமைப்பட்டவன்.

ஆனால் அதே நிகழ்ச்சிதான் இதன் குறையையும் காட்டுகிறது. அந்த மூன்று நாளில் எங்களால் வாசிக்க முடிந்தது. வேறு எதுவும் செய்ய முடியவில்லை. உறுப்பினர் ஒருவர் ஒரு பிரிவில் பிழை இருப்பதை ஒப்புக்கொண்டாலும், ஒரு காற்புள்ளியைத் திருத்தினால்கூடக் கடிகாரம் மறுபடியும் பூச்சியத்திலிருந்து ஓடும். ஜூன் 28 கடந்துவிடும். ஆகவே பிழைகளோடு நிறைவேற்றுவதே எல்லோருக்கும் பாதுகாப்பான வழியாயிற்று. அவற்றைச் சரிசெய்ய எஸ்பி 1121 என்ற இன்னொரு மசோதா தேவைப்பட்டு, அதே செப்டம்பரில் அதுவும் கையெழுத்தாயிற்று. வாசிப்பதற்கு நேரம் தரும் விதி, வாசித்துக் கண்ட பிழையைத் திருத்த விடாமல் செய்வது விந்தைதான்.

2025 ஆகஸ்டில் இதே திங்கள், இதே வியாழன். நாடாளுமன்றத் தொகுதி எல்லைகளை மாற்றும் திட்டத்துக்கான மசோதாக்கள், ஏற்கெனவே நிலுவையிலிருந்த எண்களுக்குள் நிரப்பப்பட்டு 18-ஆம் தேதி வெளியாயின. 21-ஆம் தேதி நிறைவேறின. புதிதாக அறிமுகமாகும் மசோதாவை 30 நாள்கள் கழியாமல் எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற பழைய விதி ஒன்றும் இதே அரசியலமைப்பில் உண்டு; அது மீறப்படுவதாகக் குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் மாநில உச்ச நீதிமன்றத்தை அணுகினார்கள். 20-ஆம் தேதி மனு தள்ளுபடியாயிற்று. திட்டம் நல்லதா கெட்டதா என்பதில் எனக்கும் கருத்துண்டு; அதற்கு இது இடமில்லை, நவம்பரில் வாக்காளர்களே 50-ஆம் முன்மொழிவில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். பயனர் என்ற முறையில் நான் கவனிப்பது வேறு. எண் பழையதாக இருந்தால் 30 நாள் காத்திருப்பு கடந்துவிட்டதாகக் கணக்கு. உள்ளடக்கம் புதிதாக இருந்தால் 72 மணி நேரம் மட்டும் கணக்கு. குடலை உருவும் வித்தையை 54-ஆம் முன்மொழிவு ஒழிக்கவில்லை, அதற்கு ஒரு கால அட்டவணை போட்டுக் கொடுத்தது.

எதிர்ப்பாளர்கள் 2016-இல் சொன்ன வாதத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். பல தரப்பும் கடினமாகப் பேசி எட்டிய உடன்பாடு மூன்று நாள் வெளிச்சத்தில் கிடந்தால், பணமுள்ள குழுக்கள் தங்கள் ஆட்களை அனுப்பி அதைக் குலைத்துவிடும் என்றார்கள். இதில் உண்மை இல்லாமலில்லை. மூன்று நாளில் 40 செனட்டர்களையும் 80 அசெம்ப்ளி உறுப்பினர்களையும் அணுக வல்லவர் தலைநகரில் அலுவலகம் வைத்திருப்பவரே. ஃப்ரீமான்ட்டில் அலுவலகம் முடிந்து பிள்ளைகளை நீச்சல் வகுப்புக்கு அழைத்துப் போகும் என்னைப் போன்றவர் அல்லர். ஆயினும் அந்தக் குழுக்களுக்கு நள்ளிரவுப் பேரங்களும் முன்பே தெரிந்திருந்தன. விதி வருவதற்கு முன் தெரியாமல் இருந்தது நமக்கு மட்டுமே என்பதால் அந்த வாதம் என்னை அசைக்கவில்லை.

விதியை எப்படிப் படிப்பது என்பதிலும் தொடக்கத்திலேயே தகராறு வந்தது. 2017-இல் அசெம்ப்ளி, ஓர் அவையிலிருந்து மறு அவைக்குப் போகும் மசோதாவுக்கு இந்தக் காத்திருப்பு பொருந்தாது, இறுதி வாக்கெடுப்புக்கு மட்டுமே பொருந்தும் என்று பொருள்கொண்டு, திருத்தி 72 மணி நேரம் ஆகாத மசோதாக்களையும் நிறைவேற்றி அனுப்பியது. முன்மொழிவை எழுதியவர்கள் கடுமையாக ஆட்சேபித்தார்கள். தெளிவான தமிழில் சொன்னால், கடைக்காரர் உத்தரவாத அட்டையின் சிறிய எழுத்துகளைத் தமக்குச் சாதகமாக வாசித்தார். முதல் அவையில்தான் மசோதாவின் எலும்புக்கூடு உருவாகிறது. அங்கே வாசிக்க நேரம் வேண்டாம் என்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

அதே சமயம், விதிவிலக்கைக் குறுக்கி எழுதியதற்காக முன்மொழிவை எழுதியவர்களைப் பாராட்ட வேண்டும். நியூயார்க் அரசியலமைப்பிலும் மூன்று நாள் காத்திருப்பு உண்டு. ஆனால் ஆளுநர் ‘அவசியம்’ என்று ஒரு செய்தி அனுப்பினால் அது மறைந்துவிடும். 2013 ஜனவரியில் அங்கே துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் அப்படித்தான் ஓரிரு நாளில் நிறைவேறியது. கலிஃபோர்னியாவில் ஆளுநர் நெருக்கடி நிலையைப் பிறப்பித்து, அதைச் சமாளிக்க இந்த மசோதா தேவை என்று எழுத்தில் தந்தால் மட்டுமே விலக்கு. அவசரம் என்ற சொல்லைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிய முடியாது.

கொலராடோவோடு ஒப்பிட்டால் நம் சேவையின் அருமை இன்னும் விளங்கும். அங்கே எந்த உறுப்பினரும் எதிர்த்தால் மசோதாவை முழுவதும் உரக்க வாசித்தாக வேண்டும் என்ற பழைய விதி இன்றும் உயிரோடிருக்கிறது. 2019 மார்ச்சில் சிறுபான்மைக் கட்சி, அவை நடவடிக்கைகளைத் தாமதப்படுத்துவதற்காக, 2,023 பக்க மசோதா ஒன்றை முழுவதும் வாசிக்கக் கேட்டது. பெரும்பான்மைக் கட்சியினர் பல கணினிகளை வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பகுதியைக் கொடுத்து, நிமிடத்துக்கு ஏறத்தாழ 650 சொல் வேகத்தில் ஒரே நேரத்தில் கத்தவிட்டார்கள். அவையில் கேட்டது வண்டுக்கூட்டத்தின் இரைச்சல். புரியாத ஒலி வாசிப்பாகாது என்று 2021-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேட்டவருக்கும் வாசிப்பு வேண்டியிருக்கவில்லை, கொடுத்தவருக்கும் வாசிப்பு வேண்டியிருக்கவில்லை. உரக்க வாசிப்பதைத் திணிக்காமல், எழுத்தை முன்கூட்டியே கையில் கொடுப்பதைத் தேர்ந்தெடுத்த கலிஃபோர்னிய முறையை இந்த ஒரு காரணத்துக்காகவே நான் மேலாக மதிப்பேன்.

சேவையின் சில பகுதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மின்னஞ்சல் வழித் தொடர் அறிவிப்புக்குப் பதிந்துகொள்வது எளிது, தவறாமல் வருகிறது. மசோதாவை முன்வைத்தவருக்குக் கருத்து எழுதும் பகுதியில் கணக்குத் தொடங்க வேண்டும். எழுதியது ஒரே ஓர் உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போகும். அவையில் இறுதி வாக்கெடுப்பின்போது பொதுமக்கள் பேச இடமில்லை. குழுக் கூட்டத்தில் இடமுண்டு. ஆகவே குழு நிலையைக் கடந்த பிறகு திருத்தப்பட்ட மசோதாவை மூன்று நாள் வாசித்து முடித்தவர், தம் உறுப்பினரின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசுவதே நடைமுறையில் பயன் தரும் வழி.

ஒளிப்பதிவுகள் இரு அவைகளுக்கும் தனித்தனித் தளங்களில் இருக்கின்றன. நேரம் தவறாமல் ஏறிவிடுகின்றன, தெளிவாகவும் இருக்கின்றன. ஆனால் பல மணி நேரக் கூட்டத்தில் நம் மசோதா பேசப்பட்ட எட்டு நிமிடத்தைத் தேடுவது வைக்கோற்போரில் குண்டூசி தேடும் வேலை. இந்தக் குறையை அரசு தீர்க்கவில்லை. கால்மேட்டர்ஸ் செய்தி நிறுவனம் 2024-இல் தொடங்கிய டிஜிட்டல் டெமாக்ரசி தளம், பேசியவர் பெயரோடு பேச்சை எழுத்தாக்கித் தேட வைத்திருக்கிறது. அதன் முந்தைய வடிவத்தை 2015-இல் தொடங்கியவர்களில் முன்மொழிவை எழுதிய அதே பிளேக்ஸ்லீயும், அன்று துணை ஆளுநராயிருந்த கேவின் நியூசமும் உண்டு.

மொழியைப் பற்றி ஒரு குறிப்பு. மாநில வாக்காளர் கையேடு ஆங்கிலத்தோடு சேர்த்துப் பத்து மொழிகளில் வருகிறது. இந்தி இருக்கிறது, தமிழ் இல்லை. மசோதாக்களோ ஆங்கிலத்தில் மட்டுமே. என் வீட்டுக்கு வந்திருந்த மாமனார் ஒருமுறை ஒப்பீட்டுத் திரையைப் பார்த்துவிட்டு, “இது சட்டமுன்வடிவு தானே மாப்பிள்ளை, முன்வடிவுக்கு ஏன் இவ்வளவு முந்தைய வடிவு?” என்று கேட்டார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். தமிழ்நாட்டில் பழகிய அந்தச் சொல் சாக்ரமென்டோ வழக்கத்தை இவ்வளவு துல்லியமாகப் பிடித்துவிடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு மூன்றரை தருவேன். வாங்கலாமா என்று கேட்பதற்கு வழியில்லை, மாநிலத்தில் குடியிருக்கும் அனைவரும் ஏற்கெனவே வாங்கிவிட்டோம். பயன்படுத்த விரும்புவோர் கூட்டத்தொடர் முடியும் வாரத்தில், அதாவது இரட்டைப்படை ஆண்டுகளில் ஆகஸ்ட் இறுதியிலும் ஒற்றைப்படை ஆண்டுகளில் செப்டம்பரிலும், கடைசி இரவுக்காகக் காத்திருக்க வேண்டாம். அதற்கு 72 மணி நேரத்துக்கு முந்தைய இரவில்தான் இப்போது பேரங்கள் முடிகின்றன. அன்று இரவு படுக்கப் போகுமுன் ஒப்பீட்டுத் திரையை ஒருமுறை திறந்து பாருங்கள். ஒளிப்பதிவுகளில் உங்களுக்கு வேண்டியது ஏதேனும் இருந்தால் தரவிறக்கிக் கையோடு வைத்துக்கொள்வதும் நல்லது. பதிவுகளை ஏற்றும் ஏற்பாடு 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது; அரசியலமைப்பு தரும் உத்தரவாதம் 20 ஆண்டுகளுக்கு மட்டுமே; முதல் பதிவுகளுக்கு அது 2038 ஜனவரியில் முடிந்துவிடும்.